கேளுங்கோ சொல்லுறம்: நெய்த பெட்டியோ, அச்சடிச்ச பெட்டியோ?

மகளுக்குச் சட்டை தைக்க நீல வெள்ளைப் பெட்டித் துணி வாங்கினன், கடையில கிங்கம் எண்டு சொல்லித்தான் தந்தவை, ரெண்டு தரம் தோய்க்கவே வெளிறிப்போச்சு, உள்பக்கம் பாத்தா முதலே வெள்ளையாத்தான் இருந்திருக்கு. கிங்கம் எண்டா உப்பிடித்தானா? அப்பான்ர சாரத்தில இருக்கிற பெட்டியும் இதுதானா?
வாசகி, கொக்குவில்

இல்லைத் தங்கச்சி, உங்களுக்குத் தந்தது பெட்டி பிரின்ற் அடிச்ச துணி. கிங்கத்தில சாயத்தை நூலுக்குப் போட்டுட்டுத்தான் தறியில ஏத்துறது. நீட்டா ஓடுற பாவு நூலிலயும் குறுக்கால ஓடுற ஊடு நூலிலயும் நீலம், வெள்ளை எண்டு ஒரே அகலத்துக்கு மாறி மாறி வரும், நீலம் நீலத்தைச் சந்திச்சா கடும் நீலம், வெள்ளை வெள்ளையைச் சந்திச்சா வெள்ளை, ரெண்டும் கலக்கிற பெட்டி இளநீலமாத் தெரியும், ஆனா துணியில இளநீல நூல் ஒண்டுகூட இல்லை, கிட்டப் பிடிச்சுப் பாத்தா நீல நூலும் வெள்ளை நூலும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி இறங்கிறது வடிவாத் தெரியும். எனக்கு அந்த இளநீலப் பெட்டியிலதான் அவ்வளவு விருப்பம்.

இனி வாங்கேக்க வெட்டின ஓரத்தில ஒரு நூலை உருவிப் பாருங்கோ. முழுக்க நீலமா, இல்லாட்டி முழுக்க வெள்ளையா வந்தா நெய்தது. ஒரே நூலில நீலமும் வெள்ளையும் விட்டு விட்டு வந்தா அச்சு, ஆர் என்ன சொன்னாலும் நம்பாதேங்கோ.

அப்பான்ர பெட்டிச் சாரமும் நூலுக்குச் சாயம் போட்டு நெய்யிறதுதான், ஆனா அதில நாலைஞ்சு நிறம் வரும், கோடும் ஒண்டு தடிப்பு ஒண்டு மெல்லிசு. மலாய்க்காரர் பெட்டிச் சாரத்தைக் காயின் பெலெகாட் எண்டுறவை, சென்னைக்குக் கிட்ட இருக்கிற பழவேற்காட்டுத் துணி எண்டு அர்த்தம். கிங்கம் எண்ட பேரும் மலாய்ச் சொல்லுத்தான், கெங்காங் எண்டா கோடு போட்டது, எங்கட யாழ்ப்பாணக் கோட்டையில இருந்த அதே ஒல்லாந்தர்தான் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனவை. முதல் வெறும் கோடுதான், 18ஆம் நூற்றாண்டு நடுவில மான்செஸ்டர் மில்லுகள் நெய்யத் துவங்கின பிறகுதான் பெட்டியா மாறினது.

பெட்டிச் சேட் தைக்கக் குடுத்தா பொக்கற்றில பெட்டி பொருந்துறேல்ல, என்ன செய்யலாம்?
வாசகர், சாவகச்சேரி

துணி கொஞ்சம் கூட எடுத்துக் குடுங்கோ, பெட்டி பெரிசெண்டா இன்னும் கூட, பொருத்தி வெட்டேக்க கன துணி கழிவாப் போகும். கொட்டன் எண்டா வெட்ட முதல் நனைச்சுக் காயவிடுங்கோ, சுருங்கிறது அப்பவே சுருங்கட்டும். துணி காணாட்டிப் பொக்கற்றை மட்டும் சரிவா வெட்டச் சொல்லுங்கோ, பெட்டியெல்லாம் டயமண்ட் மாதிரி நிக்கும், பொருத்தவே தேவையில்லை.