பிச்சை என்றொரு தடயம்

அன்புள்ள ஐயா,

துப்பறியும் கதைகளில் வரும் விசித்திரமான பெயர்களுக்கு உள்ளர்த்தம் உண்டா? ஷெர்லக், ஹெர்குல் பாய்ரோ, வங்காளத்து வியோம்கேஷ், திகம்பர சாமியார்... நம் சங்கர்லாலுக்கு ஏன் வடநாட்டுப் பெயர்? நான் எழுதிவரும் கதையில் துப்பறிவாளர் பெயர் அக்னிமித்ரன். தேக்கா கோப்பிக்கடையில் மேசை துடைப்பவருக்குக் குப்பன் என்று வைத்திருக்கிறேன். பெயரைக் கேட்டதும் எல்லாரும் சிரிப்பார்கள். சரியாக வருமா?

– ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

சங்கர்லாலை விடுங்கள், காதுக்குப் பழகிவிட்டது. ஷெர்லக்கிலும் தத்துவம் தேடவேண்டாம். அவரைப் படைத்த கோனன் டாயிலின் முதல் குறிப்புகளில் ஷெர்லக்கின் பெயர் ஷெரின்போர்டு ஹோம்ஸ், நண்பர் வாட்சனின் பெயர் ஓர்மண்ட் சாக்கர். நல்லவேளை, மாற்றிவிட்டார். வியோம்கேஷ் சிவன் பெயர், வானத்தையே சடையாகக் கொண்டவன். அக்னிமித்ரன் காளிதாசன் நாடகத்து ராஜா, இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் விட்டுவிட்ட ஒரு பெயர்தான் எனக்கு முக்கியம். ஆங்கில எழுத்தாளர் காலின் டெக்ஸ்டரின் இன்ஸ்பெக்டர் மோர்ஸ். முதல் நாவல் 1975இல் வந்தது. தன் முதற்பெயரை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். 1996இல்தான் வெளியே வந்தது: எண்டெவர். முயற்சி என்று பொருள், கடலோடி கேப்டன் குக்கின் கப்பல் பெயரும் அதுவே. அப்பாவுக்குக் குக் மேல் பிரியம், அம்மா, நற்குணங்களையே பெயராக வைக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயரை மகன் வாழ்நாளெல்லாம் ஒளித்துவைக்கிறான்.

நானும் ஒளித்தவன்தான். என் அப்பா பெயர் பிச்சை. இங்கே சிங்கப்பூர் அடையாள அட்டையில் 'சன் ஆஃப்' என்று அப்பா பெயரும் ஆயுசுக்கும் கூடவே வருமே! வகுப்பில் ஆசிரியர் என் முழுப்பெயரை வாசித்ததும் தமிழ்ப் பையன்கள் கையேந்திக் காட்டுவார்கள். அப்பா பெயர் பிச்சைமுத்து, பதிவில் பாதி விட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்லித் திரிந்தேன். அது அப்பா காதுக்கும் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் இறந்த பிறகு அத்தைதான் சொன்னார். அப்பாவுக்கு முன் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக இவர் பிறந்ததும் அப்பத்தா குப்பைமேட்டில் கிடத்தியிருக்கிறாள். பக்கத்துவீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். அவளிடமிருந்து ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். எமனுக்கே வேண்டாத பிள்ளையாகத் தெரியட்டும் என்று.

பிச்சை, குப்பன், குப்பம்மாள், தவிட்டுராசு – சிரிப்பதற்கு வைத்த பெயர்களா இவை? பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அடுத்த பிள்ளையையாவது காப்பாற்ற வைத்த பெயர்கள். எல்லாக் குப்பன்களுக்கும் இதே கதை என்று சொல்லமாட்டேன். தாத்தா பெயராகவும் வந்திருக்கலாம். அப்படியானால் தாத்தாவைப் பற்றி விசாரிக்கவேண்டியதுதானே? சிகரெட் சாம்பலைக் குனிந்து பார்க்கிற உங்கள் ஆளுக்கு, காதில் விழும் இந்தத் தடயம் தெரியவில்லை என்றால் அவர் என்ன துப்பறிவாளர்? நாயகன் பெயருக்கு எத்தனை இரவு விழித்தீர்களோ தெரியாது. குப்பனுக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்குக் கண்ணும் காதும் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அக்னிமித்ரன் குப்பனை எதிரே உட்காரவைத்து ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்கட்டும். “உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் பிறந்தார்கள், அண்ணே?” என்று கேட்கட்டும். அந்த அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.