சிட்டிப் பணம் ₹1,00,000: பயோகேஸா, பயிற்சி வகுப்பா, சோலாரா?

கேள்வி: பாலக்காடு நகரில் வாடகை வீட்டில் நாலு பேர் இருக்கிறோம். கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, சம்பளம் ₹38,000. கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் போட்ட சிட்டி (சீட்டு) முடிந்து ₹1,00,000 வந்திருக்கிறது. நகைக்கடன் ₹45,000 பாக்கி, வட்டி 11 சதவீதம். வேறு சேமிப்பு இல்லை. குப்பை, கேஸ், கரண்ட் எதையும் வீணாக்காமல் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு நாள் வகுப்புக்கு ₹12,000 கேட்கிறார்கள். பயோகேஸ் தொட்டி ₹25,000. சோலாரும் போடலாமா? கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் வருகிறது. கொழிஞ்சாம்பாறையில் அப்பா அம்மாவுக்குச் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இருக்கிறது.

பதில்: முதல் வேலையாக நகையை மீட்டுவிடுங்கள். ₹45,000-க்கு 11 சதவீதம் என்றால் வருஷத்துக்கு ₹4,950 வட்டி. நீங்கள் கேட்டிருக்கும் எந்தச் சாதனமும் இவ்வளவு உறுதியாகப் பணத்தை மிச்சப்படுத்தித் தராது. அடுத்து ₹40,000-ஐ அவசரத்துக்கென்று வங்கியில் தனியாகப் போடுங்கள். மீதி ₹15,000. உங்கள் ஆசைக்கு அது தாராளமாகப் போதும்.

பயோகேஸ் வேண்டாம். காரணம் கணக்கில்தான் இருக்கிறது. நாலு பேர் சமையலில் ஒரு நாளைக்கு அதிகம் போனால் ஒரு கிலோ கழிவு விழும். அதிலிருந்து சுமார் 0.1 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர் பயோகேஸ் ஏறக்குறைய 450 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். ஆக தினமும் 45 கிராம், மாதம் 1.35 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் ₹900 என்று வைத்தால் மாதம் ₹85 மிச்சம். போட்ட ₹25,000 திரும்பி வர 24 வருஷம் ஆகும். வீடு மாற்றும்போது தொட்டியைக் காலிசெய்து, தூக்கிப் போய், மறுபடி சாணம் கரைத்து ஊற்றித் தொடங்க வேண்டும். மெஸ், ஹோட்டல் மாதிரி கழிவு நிறைய விழும் இடத்துக்கு இது அருமையான சாதனம். உங்கள் வீட்டுக்கு அல்ல.

அதே அளவு கேஸை ₹600 செலவில் மிச்சப்படுத்தும் வழி ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத் கேரளம் முழுக்கப் பரப்பிய சூடாறாப்பெட்டிதான் அது. அடுப்பை அணைத்த பிறகும் சூடு ஆறாமல் காத்து, சோற்றை உள்ளேயே வேகவைக்கும் பெட்டி. மட்டை அரிசி (கேரளச் சிவப்பு அரிசி) வேக 40 நிமிஷம் ஆகிறது. சின்ன பர்னர் மணிக்கு 100 முதல் 120 கிராம் கேஸ் குடிக்கும். அரை மணி நேரம் முன்னதாக அடுப்பை அணைத்தால் மாதம் ஒன்றரை கிலோவுக்குக் குறையாமல் மிஞ்சும். குக்கரில் வேகவைப்பவர்களுக்கு இந்த அளவு மிஞ்சாது.

பெட்டியை நீங்களே செய்யலாம். கெட்டியான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, ஆறு பக்கமும் 2 அங்குலத் தெர்மோகோல் வெட்டிப் பொருத்துங்கள். கொதிக்கும் பாத்திரம் நேராகப் பட்டால் தெர்மோகோல் இளகிக் குழி விழும். அதனால் உள்ளே பழைய போர்வையையோ சாக்கையோ மடித்துச் சுற்றிலும் கொடுங்கள். அரிசியை அரை மணி ஊறவைத்து, மூடிபோட்டு 10 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் பெட்டிக்குள் இறக்குங்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் வடிக்கலாம். வேகவில்லையென்றால் பெரும்பாலும் பாத்திரம் பாதி காலியாக இருந்திருக்கும், இல்லை யாராவது நடுவில் திறந்து பார்த்திருப்பார்கள். பாத்திரம் முக்காலாவது நிறைந்திருக்க வேண்டும். அப்படியும் வேகாவிட்டால் மறுநாள் 5 நிமிஷம் கூடக் கொதிக்கவிடுங்கள். ராத்திரி முழுக்க உள்ளே விடக்கூடாது. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சோறு கெடும்.

கரண்ட்டுக்கு வருவோம். உங்கள் பில்லில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 520 யூனிட் என்றால் மாதம் 260. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான கட்டணம் போய், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த கட்டணம் வந்துவிடும். நீங்கள் அந்த வரம்பைச் சின்ன அளவில்தான் தாண்டுகிறீர்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். பாலக்காட்டு வெயிலுக்கு நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் ஃபேன் ஒன்றை மாற்றினால் மாதம் 16 யூனிட் குறையும். இரண்டை மாற்றினால் 32 குறைந்து 228-க்கு வரும். அந்த 32 யூனிட்டின் விலையோடு நிற்காமல் பில் மொத்தமும் இறங்கும். இரண்டுக்கும் சுமார் ₹6,000. பழைய ஃபேனைப் பத்திரமாக வைத்திருங்கள். வீடு மாறும்போது அதை மாட்டிவிட்டுப் புதியதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

கழிவுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் போதும்; முதல் வாளி உரமாகும் வரை அடுத்தடுத்து நிரப்பும் அளவுக்கு வாளி வேண்டும். அடியிலும் பக்கத்திலும் 2 அங்குல இடைவெளியில் சின்ன ஓட்டை போட்டு, கீழே தட்டு வையுங்கள். அடியில் 3 அங்குலம் தேங்காய் நார்த்தூள். 5 கிலோ கட்டி வாங்கி, ஊறவைத்து இரண்டு முறை அலசி உப்பைப் போக்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள். நறுக்கிய கழிவு ஒரு பங்கு போட்டால் தூளோ காய்ந்த இலையோ இரண்டு பங்கு மேலே. வாரம் இரண்டு முறை கிளறுங்கள். ஒரு வாளி நிறைந்ததும் மூடி வைத்து அடுத்ததைத் தொடங்குங்கள். 45 முதல் 60 நாளில் உரம் தயார். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஈரம் மிஞ்சிக் காற்று போகவில்லை என்று அர்த்தம். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் நார்த்தூள் சேர்த்துக் கிளறினால் சரியாகும். மீன், இறைச்சி வேண்டாம். வாளி வாங்கும் முன் நகராட்சியில் மானியத்தில் தொட்டி தருகிறார்களா என்று கேளுங்கள்.

வீட்டில் செடி வைக்க நினைத்தால், அந்த உரம் வந்த பிறகு க்ரோபேக் (செடி வளர்க்கும் பை) வாங்கினால் போதும். கிருஷிபவனில் (அரசு வேளாண் அலுவலகம்) விதைக்குக் கேளுங்கள். கீரை, பச்சைமிளகாய், கறிவேப்பிலைக்குப் போட்ட காசு வரும். தக்காளிக்கு வருவது சந்தேகம்.

வகுப்புக்கு ₹12,000 கட்டுமுன் கோழிக்கோடு சாலையில் முண்டூரில் இருக்கும் ஐ.ஆர்.டி.சி.க்கு (ஒருங்கிணைந்த கிராமத் தொழில்நுட்ப மையம்) ஒரு நடை போய் வாருங்கள். 1987 முதல் பரிஷத் நடத்தும் மையம் அது; கழிவு, எரிபொருள் சம்பந்தமான பயிற்சிகளைப் பற்றி அங்கே விசாரியுங்கள். எங்கே சேர்ந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கையால் செய்யவிடுவீர்களா? வீட்டுக்கு வந்து செய்யும்போது கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது? பதில் சரியில்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.

வாடகை வீட்டில் சோலார் போடாதீர்கள்; கூரையும் இணைப்பும் வீட்டுக்காரருடையவை, மானியத்துக்குச் சொந்தக் கூரை வேண்டும். அப்பா வீட்டுக்குப் போடலாம். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ₹30,000, 2-க்கு ₹60,000, 3-க்கும் அதற்கு மேலும் ₹78,000 மானியம். முழுப் பணத்தையும் முதலில் கட்டி வேலை முடிந்த பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். இந்தியாவில் செய்த செல் உள்ள பேனலாக இருக்க வேண்டும். 1 கிலோவாட் நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். அவர்கள் இரண்டு பேருக்கு மாதம் 100 யூனிட்தான் ஆகிறது என்றால் 3 கிலோவாட் போடச் சொல்லும் ஏஜென்ட்டிடம் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசி ஆறு பில்லை எடுத்து யூனிட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.