டிராக்டரோடு பேக்ஹோவும் சேர்த்து வாங்கலாமா?

கேள்வி: எனக்கு ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. உழவு, புல் வெட்டுவது, எருவும் மண்ணும் அள்ளுவது என்று ஆண்டுக்கு 120 மணி நேரமாவது டிராக்டர் வேலை வருகிறது. அதனால் 25 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர் ஒன்றை, முன்னால் லோடரோடு (மண் அள்ளும் வாளி) வாங்குவது என்று முடிவாகிவிட்டது. பின்னால் மாட்டும் பேக்ஹோவையும் (வாளியோடு மண் தோண்டும் நீண்ட கை) இப்போதே வாங்கிவிடுங்கள், பிறகு தனியாக வாங்கினால் அதன் விலை கால் பங்கு கூடும் என்கிறார் விற்பனையாளர். மொத்த விலையில் ஐந்தில் ஒரு பங்கு பேக்ஹோவுக்குப் போகிறது. போன ஆண்டு தண்ணீர்க் குழாய் பதிக்க ஐந்து நாள், மரக்கட்டைகளைப் பிடுங்க ஒரு நாள் என்று பெரிய பேக்ஹோவை ஆபரேட்டரோடு வாடகைக்கு எடுத்தேன். ஒரு நாள் வாடகை, நான் வாங்கப்போகும் செட்டின் மொத்த விலையில் 1 சதவீதம் ஆனது. இதற்குச் சொந்தமாகவே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது. ரொக்கமாகக் கொடுத்தால் 8 சதவீதம் தள்ளுபடி. இல்லையென்றால் 60 மாத வட்டியில்லாத் தவணை. ரொக்கம் என்றால் சேமிப்பு ஏறக்குறைய முழுவதும் காலியாகிவிடும். எது நல்லது? பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: டிராக்டரை வாங்குங்கள். பேக்ஹோவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

செட்டின் மொத்த விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் பேக்ஹோ 20. பத்து ஆண்டு கழித்து அது பாதி விலைக்குப் போகும் என்று வைத்தால், தேய்மானம் ஆண்டுக்கு 1. அதில் முடங்கும் பணம் சராசரியாக 15. அதற்கு 6 சதவீத வட்டி இழப்பு என்றால் 0.9. காப்பீடு, நிழலில் நிறுத்த இடம் எல்லாம் சேர்த்து 0.3. ஆக, அந்தப் பேக்ஹோ ஒரு கூடை மண்கூட அள்ளாமல் நின்றாலும் ஆண்டுக்கு 2.2 செலவு வைக்கும். வட்டி, மறுவிற்பனை விலை இரண்டிலும் உங்களுக்குத் தெரிந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

ஓட்டுகிற செலவு தனி. இந்த அளவு எஞ்சின் பேக்ஹோ வேலையில் மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். கிரீஸ், வாளிப் பல், மூட்டுகளில் இருக்கும் பின் (இரும்பு முளை), அதைச் சுற்றியிருக்கும் புஷ் (உலோக வளையம்), ஆயில் ஹோஸ் தேய்மானம், டிராக்டரின் தேய்மானம் எல்லாம் சேர்த்து மணிக்கு 0.04 என்று எடுத்துக்கொள்கிறேன்.

எட்டு மணி வாடகைக்கு 1 கொடுத்தேன், என்னுடையதை எட்டு மணி ஓட்டினால் 0.32தானே, மிச்சம் 0.68 என்று மனம் உடனே கணக்குப் போடும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வாடகைக்கு வந்தது 70 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இயந்திரம், அகலமான வாளி, தினமும் அதையே செய்யும் ஆபரேட்டர். உங்கள் சிறிய பேக்ஹோவின் வாளி குறுகல், தோண்டும் ஆழமும் பெரும்பாலும் இரண்டு மீட்டர், இரண்டரை மீட்டருக்குள்தான். பெரியது ஒரு நாளில் முடிப்பதை இது முடிக்க இரண்டு நாளாவது ஆகும். மண் இறுகியிருந்தால் மூன்று. ஆகவே மணிக்கு மணி ஒப்பிடக்கூடாது, வேலைக்கு வேலை ஒப்பிட வேண்டும். ஒரு வாடகை நாள் வேலைக்கு உங்களுக்கு 16 மணி, அதாவது 0.64 செலவு. மிச்சம் 0.36. நின்றாலும் ஆகும் அந்த 2.2-ஐ ஈடுகட்ட ஆண்டுக்கு ஆறு வாடகை நாள் வேலை வேண்டும், அதுவும் ஆண்டு தவறாமல். இருக்கையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நூறு மணி நேரத்துக்கு நான் கூலி போடவே இல்லை.

சரி, போன ஆண்டு ஆறு நாள் எடுத்தேனே என்பீர்கள். அதில் ஐந்து நாள் குழாய்க்கு. குழாய் பதித்தாகிவிட்டது, இந்த ஆண்டும் அதே பள்ளத்தைத் தோண்டப் போவதில்லை. நிலம் வாங்கிய புதிதில் தோண்டும் வேலை குவிந்து கிடக்கும், அப்புறம் வற்றிவிடும். அந்த முதல் ஆண்டின் வாடகை ரசீதை வைத்துக்கொண்டு பத்தாண்டுச் செலவுக்குக் கையெழுத்துப் போடுவதுதான் இதில் பொதுவாக நடக்கும் தவறு.

ஆனால் பேக்ஹோவுக்கு ஆதரவாக ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. விற்பனையாளர்கள் அதைச் சொல்வதே இல்லை. மொத்தமாக வரும் வேலைக்கு வாடகை இயந்திரம்தான் மலிவு. சில்லறையாக வரும் வேலைக்கு அப்படியல்ல. வாய்க்காலில் ஓரிடம் அடைப்பு, ஒரு கம்பத்துக்குக் குழி, காற்றில் சாய்ந்த ஒரு மரத்தின் வேர், கசியும் ஒரு குழாய் மூட்டு. அரைமணி, ஒருமணி வேலைதான். ஆனால் வாடகைக்காரர் குறைந்தது அரைநாள் கட்டணம் கேட்பார், கொண்டுவரும் செலவையும் தனியாகப் போடுவார், வரும் நாளும் அவர் சொல்வதுதான். அரைநாள் கட்டணம் என்றால் 0.5. சொந்த இயந்திரத்தில் இரண்டு மணி நேரம் செய்தாலும் 0.08தான். ஒவ்வொரு சில்லறை வேலைக்கும் 0.42 மிச்சமாகும், ஆண்டுக்கு ஐந்தாறு தடவை வந்தாலே பேக்ஹோ தன் செலவைத் தானே எடுத்துவிடும். ஆக, எத்தனை நாள் வேலை இருக்கிறது என்பதைவிட எத்தனை தடவை வேலை வருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். நீங்கள் சொன்ன மரக்கட்டை வேலையை ஒரு தடவை என்று எண்ணலாம். மற்றவை உண்டா என்று உங்கள் கேள்வியில் தெரியவில்லை.

இரண்டு ஆண்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். "இன்று பேக்ஹோ இருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்று தோன்றுகிற நாளையெல்லாம் எழுதுங்கள், வேலை என்ன என்பதோடு. அப்படிக் காத்திருப்பதற்கு என்ன விலை? பிறகு வாங்கினால் 20-க்குப் பதில் 25. கூடுதல் 5. ஆனால் அந்த இரண்டு ஆண்டில் நின்றபடி ஆகியிருக்கும் 4.4 மிச்சம். ஏறக்குறைய சமன். நோட்டைப் பார்த்துத் தேவையில்லை என்று தெரிந்தால் அந்த 20-ம் உங்களுடையது. "இப்போது வாங்கினால்தான் லாபம்" என்ற பேச்சில் இருக்கும் அவசரம் விற்பவருடையது.

காத்திருப்பதானால் ஒன்றை மட்டும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்: நீங்கள் வாங்கும் மாடலுக்கு, டிராக்டரின் அடியில் நீளவாக்கில் பொருத்தும் சப்ஃப்ரேமோடு (தாங்கும் இரும்புச் சட்டம்) கூடிய பேக்ஹோ இருக்க வேண்டும், பின்னாளிலும் அதைப் பொருத்த முடிய வேண்டும். விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். கலப்பை மாட்டும் மூன்று கைப் பிடிப்பான த்ரீ பாயின்ட் லிங்கேஜில் மட்டும் தொங்கவிடும் மலிவான பேக்ஹோக்களும் கிடைக்கின்றன. தோண்டும்போது வரும் திருகு விசையெல்லாம் டிராக்டரின் பின்பக்க வார்ப்பிரும்புக் கூட்டில் இறங்கும். வார்ப்பு விரிசல் விட்டால் பேக்ஹோவில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு போய்விடும். வாரண்டியும் கை கொடுக்காது.

அக்கம்பக்கத்து நிலக்காரர் யாருடனாவது கூட்டாக வாங்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அவர் டிராக்டரும் அதே மாடலாக இருந்தால் யோசிக்கலாம்; இல்லையென்றால் சப்ஃப்ரேம் பொருந்தாது. வாங்கி வாடகைக்கு விட்டு ஈடுகட்டுவேன் என்ற திட்டம் மட்டும் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீடு வாடகை வேலையில் நடக்கும் விபத்தை ஏற்காமல் போகலாம். மண்ணுக்குள் போகும் ஒரு மின்கேபிளை அறுத்தால்கூட இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

அடுத்து தவணை. வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. வட்டி தள்ளுபடிக்குள் ஒளிந்திருக்கிறது. ரொக்கத்துக்கு 92, தவணைக்கு 100 என்றால், நீங்கள் 92-ஐக் கடன் வாங்கி 60 மாதத்தில் 100 திருப்பித் தருகிறீர்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டு வட்டி சுமார் 3.3 சதவீதம் ஆகிறது. கடன் என்று பார்த்தால் இது மலிவுதான். சேமிப்பு முழுவதையும் கொட்டி 8 சதவீதத்தை மிச்சம் பிடித்துவிட்டு, அடுத்த மாதம் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் இதைவிட அதிக வட்டிக்குக் கடன் தேட வேண்டியிருக்கும். எனவே தவணையே எடுங்கள். ஆவணக் கட்டணம், கட்டாயக் காப்பீடு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். கட்டணம் என்று 2 சேர்ந்தாலே அந்த 3.3 என்பது 4-ஐத் தாண்டிவிடும்.

இனி பராமரிப்பு. அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கமான ஏஎஸ்ஏபிஇயின் தரக்கணக்கு ஒன்று உண்டு. இரு சக்கர இயக்க டிராக்டருக்கு, மொத்தப் பழுதுச்செலவு ஓடிய மணியின் வர்க்கத்தோடு ஏறும் (மணி இரண்டு மடங்கானால் செலவு நான்கு மடங்கு) என்கிறது: 1000 மணியில் விலையில் 1 சதவீதத்துக்கும் குறைவு, 12,000 மணியில் ஏறக்குறைய விலை முழுவதும். ஆண்டுக்கு 120 மணி ஓட்டும் நீங்கள் பத்தாண்டிலும் 1200-ஐத்தான் தொடுவீர்கள். அப்படியானால் செலவே இல்லையா என்றால், அந்தக் கணக்கு நாள் முழுக்க உழைக்கும் பண்ணை டிராக்டரை மனதில் வைத்தது. உங்கள் வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம். பேட்டரி இறங்கும், ரப்பர் ஹோஸ் வெயிலில் வெடிக்கும், டயர் பிளக்கும், டேங்கில் ஈரம் சேரும், எலி ஒயரைக் கடிக்கும். அதனால் டிராக்டர் விலையில் 2.5 சதவீதத்தை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். முதல் சில ஆண்டுகள் அதில் பாதிகூடச் செலவாகாது. எடுத்துவிடாதீர்கள், பேட்டரி, டயர், ஹோஸ் எல்லாம் பெரும்பாலும் அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் கைவிடும்.

எல்லாரும் தவறவிடுவது முதல் 50 மணி சர்வீஸ். எஞ்சின் ஆயிலும் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பகுதி) ஃபில்டரும் அப்போது மாற்றியாக வேண்டும்; பல நிறுவனங்கள் வாரண்டிக்கு அந்த ரசீதைக் கேட்கும். பிறகு மாடலைப் பொறுத்து 100 முதல் 200 மணிக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில். அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை.

பின்னாளில் பேக்ஹோ வாங்கினால், அதன் விலையில் 4 சதவீதத்தையும் ஆண்டு ஒதுக்கீட்டில் கூட்டுங்கள். சிறிய டிராக்டர்கள் பலவற்றில் கியர்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். பேக்ஹோ ஹோஸில் ஒரு வெடிப்பு என்றால் டிராக்டரின் கியர்பெட்டி ஆயிலே வெளியேறுகிறது என்று பொருள். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டை ஒன்றை நீட்டிப் பாருங்கள். எட்டு, பத்து மணி வேலைக்கு ஒருமுறை எல்லா மூட்டுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். கிரீஸ் போகாத மூட்டில் பின் என்கிற முளை முதலில் புஷ்ஷைத் தின்னும், அப்புறம் துளையையே நீள்வட்டமாக்கும். அதைக் கடைந்து சரிசெய்யும் கூலி பல ஆண்டுக் கிரீஸ் செலவை விழுங்கிவிடும். நிறுத்தும்போது சிலிண்டர் தண்டுகள் முடிந்தவரை உள்ளே இழுத்த நிலையில் இருக்கட்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துருப்பிடித்து, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தைக் கிழிக்கும்.

பழைய பேக்ஹோ கிடைத்தால் புதிதைவிட அதையே விரும்புவேன், தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டிருப்பார். வாங்கும் முன் பேக்ஹோவின் கையை நீட்டி உயர்த்தி வைத்து வாளியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பின்னும் புஷ்ஷும் போய்விட்டன. விலையில் குறைக்கச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், கை கணிசமாக இறங்கியிருந்தால் சீலோ வால்வோ கசிகிறது. ஆயில் பால் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். அந்த வண்டியைப் பேரம் பேசாமலே விட்டுவிடுங்கள்.