17ஆம் பெட்

அன்புள்ள ஐயா,
அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் நைட் டூட்டியில் ஒரு பாட்டி இறந்துபோனார். மகள் என் கையைப் பிடித்துக் கதறினார். எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. '17ஆம் பெட் காலி, கேஸ் ஷீட் முடிக்கணும்' என்றுதான் ஓடியது. (அன்று 42 பேருக்கு நான் ஒருத்திதான்.) என் மனம் கல்லாகிவிட்டதா? தியானம் பழகலாமா, வேலையை விட்டுவிடலாமா? சேவையில் இருப்பவள் இப்படி ஆகலாமா?
ம.

அன்புள்ள ம.,

தியானம் பிடித்திருந்தால் செய்யுங்கள். வேலையை விடுவது வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியது.

42 பேரை எதற்கு அடைப்புக்குறிக்குள் ஒளித்தீர்கள்? அதுதானே கடிதமே! பொது மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. மூன்று ஷிஃப்டுக்குப் பிரித்தாலும் அன்று இரவு உங்களோடு இன்னொருவராவது இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாததற்கு நீங்கள் உங்கள் மனதைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

என் பெரியம்மாவும் நர்ஸ்தான். நைட் டூட்டி முடிந்து வந்தால் கொல்லைப்படியில் உட்கார்ந்து காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒருநாள் முழங்காலில் ரத்தத்தோடு போய் நின்றேன். நிமிராமலே, "எத்தனாம் பெட்?" என்றார். வீட்டில் பல வருடம் அதைச் சொல்லிச் சிரித்தோம். அவர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அது எனக்கு உறைத்தது, 'பர்ன்அவுட்' எனும் வேலைச் சோர்வை அளக்க 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகோலைப் பற்றிப் படித்தபோதுதான். அடுத்தவரைக் கவனிக்கும் வேலையில் உணர்ச்சி வற்றும்போது எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் போவதையும் அதில் சேர்த்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை; சரிவரக் கையாளாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது.

அப்புறம் அந்த 'சேவை'. தயவுசெய்து அதை விடுங்கள். 2015இல் எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் எடுத்த நர்ஸ்களுக்கு அப்போது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட உட்கார்ந்தபோது, "சேவை செய்றவங்க போராடலாமா?" என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். சேவை என்று கும்பிட்டுவிட்டால் சம்பளம் கேட்க முடியாது, கூட ஒரு ஆள் கேட்க முடியாது, அழுகை வராவிட்டால் அதுவும் உங்கள் குற்றம். நீங்கள் செய்வது வேலை. படித்து, பரீட்சை எழுதி வாங்கிய வேலை.

ஒரு மாதம் கழித்தும் அந்த மகளின் கை உங்களை விடவில்லை. இதையா கல் என்கிறீர்கள்?

சேர்ந்திருக்கும் லீவை எடுங்கள். திரும்பிப் போனதும் நர்சிங் சூப்பரின்டெண்டென்டுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதில் 42 முதல் வரியில் இருக்கட்டும்.