கையில் காசில்லாமல் பேகன் வழிபாடு: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் இயற்கைத் தெய்வ வழிபாட்டை இன்று மீட்டெடுத்து வாழ்கிறவர்களின் நெறிகளைப் பேகன் நெறிகள் என்கிறோம். 1950களில் இங்கிலாந்தில் வெளியே தெரியவந்த விக்கா அவற்றில் ஒன்று.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவி: அக்கா, விக்கா வழிபாட்டுக்குக் கத்தி, கோல், கிண்ணம், தட்டு எல்லாம் வாங்க வேண்டுமாமே? விடுதியில் இருக்கும் எனக்கு மாதம் இருநூறு ரூபாய் மிஞ்சினாலே பெரிது.

எதையும் வாங்காதே அம்மா. மண், நீர், நெருப்பு, காற்று நான்கையும் முன்னிறுத்தத்தான் அந்தப் பொருள்கள். ஒரு பிடி வண்டல், ஒரு சொம்புத் தண்ணீர், ஓர் அகல், திறந்த சன்னல் போதும். விடுதியில் விளக்கேற்றக் கூடாது என்றால் காலை வெயிலில் உட்கார்ந்துகொள்.

கும்பகோணம், ஆசிரியர்: விக்காவில் ஆண்டுக்கு வரும் எட்டு விழாக்களையும் கொண்டாடினால் செலவு கட்டுப்படியாகுமா?

செலவை விடுங்கள், எட்டும் இந்த மண்ணுக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். டிசம்பர் கதிர்த்திருப்பத்தன்று, அதாவது ஆண்டிலேயே பகல் மிகக் குறைந்த நாளில், லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. சூரியன் திரும்பி வர வேண்டும் என்று அங்கே ஏங்குவார்கள். கும்பகோணத்தில் அன்றும் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டிப் பகல் உண்டு. நாம் ஏங்குவது தண்ணீருக்கு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கிறதா, கடைமடை வரை வருகிறதா என்பதுதான் நம் கவலை. ஆகஸ்ட் 1 அயர்லாந்தில் முதல் அறுவடை விழா. அதே வாரத்தில் நாம் ஆடிப்பெருக்கில் புதுவெள்ளத்தை வணங்கி விதைக்கக் கிளம்புகிறோம். அறுவடைக்கு நன்றி சொல்ல நமக்குத் தை இருக்கிறது. ஆகவே ஆடிப் புனல், ஐப்பசி மழை, கார்த்திகை விளக்கு, தை அறுவடை என்று உங்கள் ஆண்டு விழாச் சக்கரத்தை இங்கிருந்தே கட்டுங்கள். ஊறவைத்த அரிசியில் வெல்லமும் எள்ளும் கலந்த காப்பரிசி, மஞ்சள், காதோலை கருகமணி இருந்தால் ஆடிப் பதினெட்டு நிறைவாக நடக்கும். பிளாஸ்டிக்கை மட்டும் ஆற்றில் விடாதீர்கள்.

பட்டுக்கோட்டை: புகை போட வெள்ளை சேஜ் கட்டு இணையத்தில் கொள்ளை விலை. வேறு வழி?

அது கலிபோர்னியாப் பக்கத்துச் செடி. அங்குள்ள பழங்குடியினருக்குப் புனிதமானது. காட்டில் திருட்டுத்தனமாக வெட்டி விற்பதும் நடக்கிறது. பணம் இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். வாய்க்கால் ஓரத்து நொச்சியையும் வேப்பிலையையும் காயவைத்து, சிரட்டைத் தணலில் போடுங்கள். கொசுவும் ஓடும். வீட்டில் இழுப்பு நோயாளி இருந்தால் புகையே வேண்டாம்.

திருவாரூர்: படிகக் கற்கள் அவசியமா?

இல்லை.

திருவையாறு: ஐயனார் எங்கள் குலதெய்வம். அந்த வழிபாட்டையும் பேகன் என்று சொல்லலாமா?

ஒப்புமை கண்ணில் படுவது இயல்புதான். ஆனால் ஐயனார் வழிபாடு அறுபடாமல் வருவது. அதற்கென்று பூசாரிகள் உண்டு, மண்குதிரை செய்யும் வேளார்கள் உண்டு, ஊரின் முறை உண்டு. வெளியிலிருந்து அதற்குப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. கோயில்காட்டு மரத்தடியில் கொஞ்ச நேரம் இருந்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வாருங்கள். நேர்ந்து வைத்த குதிரையை அழகுப் பொருளாக வீட்டுக்குத் தூக்கி வர மட்டும் யாரையும் விடாதீர்கள்.

நாகப்பட்டினம், இல்லத்தரசி: தீட்சை பெறாமல் வழிபட்டால் பலிக்காது என்று ஒருவர் பல ஆயிரம் கேட்கிறார். நகையை அடகு வைக்கலாமா?

வைக்காதீர்கள், அம்மா. விக்காவில் சில மரபுக் குழுக்களில் சேரத்தான் தீட்சை தேவை. தனியாக வழிபடுகிறவர்கள் உலகெங்கும் ஏராளம், அவர்கள் யாரிடமும் அனுமதி வாங்குவதில்லை. அச்சமூட்டிப் பணம் கேட்பவரிடம் இனிப் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே வீட்டில் சொல்லித் திருப்பிக் கேளுங்கள்.