ஹீட் பைப் திரி: தூள் அளவு முதல் வளைவு வரை சில கேள்விகள்

ஹீட் பைப் என்பது உள்ளே சிறிது திரவம் வைத்து மூடிய குழாய்: சூடேறும் முனையில் திரவம் ஆவியாகி, குளிரும் முனையில் மறுபடி திரவமாகி, உட்சுவரை ஒட்டிய துளைகளுள்ள திரி வழியே திரும்புகிறது.

400 மைக்ரான் செம்புத் தூளைச் சின்டர் செய்த (உருகவிடாமல் சூடாக்கி ஒட்டவைத்த) திரி, 6 மி.மீ. விட்டம், 200 மி.மீ. நீளக் குழாய், உள்ளே தண்ணீர். சூடேறும் முனை மேலே வரும்படி நிறுத்தினால் உடனே வறண்டுவிடுகிறது. தூளை எவ்வளவு நுணுக்கலாம்?

அந்தத் தூளால் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கவே முடியாது. உருண்டைத் தூள் என்றால் துளையின் ஆரத்தைத் தூளின் விட்டத்தில் 0.21 பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 60 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.066 நியூட்டன். ஆக உங்கள் திரியின் நுண்புழை அழுத்தம், அதாவது துளைகள் நீரை இழுக்கும் அழுத்தம், சுமார் 1,575 பாஸ்கல். 20 செ.மீ. நீர்த்தம்பமோ 1,930 பாஸ்கல் கேட்கிறது.

இதைப் பார்த்ததும் 100 மைக்ரானுக்குத் தாவிவிடாதீர்கள். தூளின் விட்டம் பாதியானால் இழுவை இரட்டிப்பாகும். ஆனால் நீர் கசிந்து செல்லும் வழி நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடும். சுவர்த் தடிப்பு 0.3, திரித் தடிப்பு 0.6 மி.மீ., திரியில் துளைகளின் பங்கு (வெற்றிடம்) 50%, சூடேறும் பகுதி 30, குளிரும் பகுதி 70 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் (ஆவியின் அழுத்த இழப்பைச் சேர்க்கவில்லை) 200 மைக்ரான் தூள் கிடைமட்டத்தில் 125 வாட் கடத்தும், நிறுத்தி வைத்தால் 49 வாட். 100 மைக்ரான் தூளுக்கு இவை 63, 44. நுணுக்கியதில் இரண்டு பக்கமும் நஷ்டம்தான்.

நுண்புழை அழுத்தம் புவியீர்ப்புக்கு ஈடுகொடுக்க வேண்டிய அழுத்தத்தைப் போல இரு மடங்காக இருக்கும் இடமே உச்சம். உங்கள் குழாய்க்கு அது 160 மைக்ரான் பக்கம் வருகிறது, சுமார் 51 வாட். 150-க்கும் 180-க்கும் நடுவே சலித்த தூளாகப் பாருங்கள். சராசரி 160 என்று சொல்லி 40 முதல் 300 வரை கலந்த தூளைப் போட்டால் பொடி போய்ப் பெரிய துளைகளை அடைத்துக்கொள்ளும், கணக்கும் பொய்க்கும்.

திரியாக 200 மெஷ் (அங்குலத்துக்கு 200 கண்) வலையை நான்கு அடுக்காகச் சுருட்டிச் செருகியிருக்கிறோம். வறட்சி இல்லை, ஆனாலும் சூடேறும் முனை எதிர்பார்த்ததைவிட மிகவும் சூடாகிறது.

வலை சுவரோடு ஒட்டவில்லை. தண்ணீர் ஊறிய தளர்ந்த வலை அடுக்கின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 1.5 வாட் அளவில்தான் நிற்கும். சின்டர் செய்த செம்புத் திரிக்கு 40 வரை கிடைக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 10 வாட் பாயும்போது 0.4 மி.மீ. தடிப்பில் முன்னதற்கு 27 டிகிரி வீணாகிறது. பின்னதற்கு 1 டிகிரி. அந்த 27 டிகிரி திரிக்குள்ளேயே குமிழி கிளப்பவும் போதும். ஸ்பிரிங்கோ மாண்ட்ரலோ (உள்ளே செருகும் உருளைக் கம்பி) வைத்து வலையைச் சுவரோடு அழுத்தி, ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் 900 டிகிரிக்கு மேல் ஏற்றி ஒட்டவையுங்கள். அடுக்கைக் கூட்டுவது இந்தக் கோளாறுக்கு மருந்தே அல்ல.

புதிதாகச் செய்தபோது தண்ணீரை உறிஞ்சிய திரி, சில நாள் திறந்து கிடந்த பிறகு துளியை முத்து மாதிரி உருட்டிவிடுகிறது. ஏன்?

காற்றிலுள்ள எண்ணெய்ப்பசை ஆவிகள் செம்பின் மேல் படிந்துவிட்டன. முதலில் ஒரு சோதனை: எத்தனாலில் முனையைத் தொட்டுப் பாருங்கள். எத்தனால் சரசரவென ஏறி, தண்ணீர் மட்டும் ஏறாவிட்டால் குற்றம் மேற்பரப்பில். இரண்டுமே ஏறாவிட்டால் துளைகள் அடைந்திருக்கின்றன, அல்லது திரி நடுவில் விரிசல் விட்டிருக்கிறது.

மேற்பரப்புதான் என்றால் அசிட்டோனில் கழுவி, நீர்த்த அமிலத்தில் ஆக்சைடு நீக்கி, நன்றாக அலசி உடனே குழாயை மூடினாலே பெரும்பாலும் போதும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் கருப்பு ஆக்சைடு வளர்க்கலாம். 100 பங்கு தூய நீருக்கு எடைப்படி 3.75 பங்கு சோடியம் குளோரைட், 5 பங்கு சோடியம் ஹைட்ராக்சைடு, 10 பங்கு ட்ரைசோடியம் பாஸ்பேட்; 95 டிகிரி அளவில் சில நிமிடம். செம்பு பழுப்பாகிக் கறுத்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு மைக்ரான் அளவுக்கு ஊசி ஊசியாக ஆக்சைடு நிற்கும். தண்ணீர் பட்ட கணமே பரவும். குளோரைட் என்பதைக் கவனியுங்கள், சமையல் உப்பான குளோரைடு அல்ல. அமிலம் அதன் பக்கத்தில் வரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். முந்தைய அமிலக் கழுவலின் மிச்சம்கூட இல்லாமல் அலசுவது இதனால்தான்.

இன்னொன்று: இந்தக் கருப்பு, சின்டரிங் எல்லாம் முடிந்த பின் வர வேண்டும். கறுத்த திரியை மறுபடி ஹைட்ரஜன் உலையில் வைத்தால் ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து வெறும் செம்பாகித் திரும்பும்.

குளிரும் முனையில் கடைசி 2 செ.மீ. சூடே ஏறுவதில்லை.

ஒன்று உள்ளே வாயு மாட்டியிருக்கிறது, அல்லது தண்ணீர் கூடுதல். குளிர்ந்த முனையை மேலே தூக்குங்கள். மிகை நீர் கீழே வடிந்து குளிர்ந்த பகுதி மறைந்தால் தண்ணீர்தான். மறையாமல், வெப்பநிலையை ஏற்ற ஏற்ற நீளம் மட்டும் குறைந்தால் வாயு.

தண்ணீர் அளவைத் திரியின் வெற்றிடத்திலிருந்து எடுங்கள். மேலே சொன்ன குழாயில் திரியின் குறுக்குப் பரப்பு 9 ச.மி.மீ.; நீளம் 200, வெற்றிடம் பாதி; ஆக 0.9 கிராம். அதோடு 5 முதல் 10% சேர்த்தால் போதும். வாயு என்றால் நீரைக் கொதிக்கவைத்துக் கரைந்த காற்றை விரட்டுங்கள். நிரப்பிய பின் குழாயைச் சூடாக்கி, குளிர்ந்த முனையில் சேர்ந்த வாயுவைச் சற்றே வெளியேற்றிவிட்டுக் கிள்ளி மூடுங்கள். உள்ளே எங்காவது அலுமினியம் இருந்தால் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் விட்டுக்கொண்டே இருக்கும், எத்தனை முறை வெளியேற்றினாலும் பயனில்லை.

சூடேறும் பகுதியில் மட்டும் நுண்தூள், மீதிக்கு நீளவாட்டு வரிப்பள்ளம் என்று கலக்கலாமா?

கிடைமட்டத்தில் தாராளமாக. ஆனால் சூடேறும் முனை மேலே என்றால் பள்ளத்திலுள்ள நீர்ப்பிறையும் (நீரின் வளைந்த மேற்பரப்பு) அந்த உயரத்தின் பாரத்தைத் தாங்கியாக வேண்டும். 0.2 மி.மீ. அகலப் பள்ளம் 660 பாஸ்கல்தான் தாங்கும், சுமார் 7 செ.மீ. உயரம். அதற்கு மேல் பள்ளம் காலியாகிவிடும். மேலே எவ்வளவு நுண்ணிய தூள் இருந்தும் அதற்குத் தண்ணீர் வராது.

சின்டர் திரி உள்ள குழாயை வளைக்கலாமா?

வளைக்கலாம். 6 மி.மீ. குழாய்க்கு வளைவின் மைய ஆரம் 18 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். வளைவு சூடேறும் பகுதிக்குள் விழவும் வேண்டாம். வளைத்த பின் பழையபடி வாட் அளவைச் சோதியுங்கள். விரிசல் வெளியிலிருந்து தெரியாது.