கொழும்பில் சுஷி பார்சல் வாங்கி வீட்டில் சாப்பிடலாமா?

கேள்வி இதுதான்: வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானிய உணவகம் இருக்கிறது, இரவுச் சாப்பாட்டுக்கு அங்கிருந்து சுஷி எடுத்து வரலாமா, பச்சை மீன் தொட்டறியாத அம்மாவுக்கு என்ன வாங்குவது?

தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடை நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், பெட்டி வீட்டுக்குள் வந்தவுடன் எல்லோரும் சாப்பிட உட்கார வேண்டும். இந்த இரண்டிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இடியப்பப் பார்சலை ஒரு மணித்தியாலம் கழித்துப் பிரித்தாலும் சொதியோடு நன்றாகவே இருக்கும். அப்பத்தைக் கட்டிக்கொண்டு வந்து பாருங்கள், விளிம்பின் மொறுமொறுப்பு ஆவியிலேயே போய்விடும். சுஷி அப்பத்தின் சாதி.

நம்மில் பலர் சுஷி என்றால் பச்சை மீன் என்று நினைக்கிறோம். அந்தப் பெயருக்கு உரியது சோறு. குறுமணி அரிசியை வேகவைத்து, அரிசி வினாகிரி, சீனி, உப்புக் கலந்து, உடற்சூட்டை ஒட்டிய இளஞ்சூட்டில் பிடிப்பார்கள். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாச்சத்து இறுகிச் சோறு விறைத்துவிடும். வெளியிலேயே வைத்தால் மேலே இருக்கும் மீன் கெடும். மீனுக்குக் குளிர் வேண்டும், சோற்றுக்குக் குளிர் ஆகாது. இரண்டும் ஒரே பெட்டியில் வருகின்றன. இதற்கிடையில் சுற்றியிருக்கும் நோரி என்ற கடற்பாசித் தாள் சோற்றின் ஈரத்தை உறிஞ்சித் தோல்போல இழுபடத் தொடங்கும். விரைவாகச் சாப்பிடுவதைத் தவிர இதற்கு வழியே இல்லை.

ஒரு மழை நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரச் சொன்னேன். காலி வீதி நெரிசலில் பெட்டி கைக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. தொட்டுப் பார்த்தால் மீன் வெதுவெதுப்பாக இருந்தது. பச்சை மீன் துண்டுகள் அனைத்தையும் கொட்டிவிட்டேன். காசு போனது வலித்தது, ஆனாலும் செய்தது சரி. சூரை, கெலவல்லா (மஞ்சள் துடுப்புச் சூரை) போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும்; முகம் சிவந்து, உடம்பு தடித்து அரிக்கும். உருவான பிறகு சமைத்தாலும் அது அழியாது. கெடக்கூடிய உணவு குளிரில்லாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம் என்பது பொதுவான விதி. கடையில் செய்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும்.

இனி அம்மாவுக்கு. முதல் நாளே பச்சை மீனை வைக்காதீர்கள். வெள்ளரிக்காய்ச் சுருள், ஆனைக்கொய்யாச் சுருள், அவித்த இறால் வைத்த துண்டு ஆகியவற்றில் தொடங்குங்கள். கூடவே, சோயா அவரையைப் புளிக்கவைத்த விழுதைக் கரைத்துச் செய்யும் மிசோ சூப் ஒன்று வாங்குங்கள். என் அம்மா அந்தக் கிண்ணத்தைத் திறந்தவுடன், "இதற்குள் மாசி போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டார். அவர் மூக்கு தப்பவில்லை. அந்தச் சூப்பின் அடிநீரை வழக்கமாகக் கட்சுஓபுஷியும் கடற்பாசியும் ஊறவைத்து எடுப்பார்கள். சூரையை அவித்து, புகையூட்டி, கட்டைபோலக் காயவைத்துச் சீவியதுதான் கட்சுஓபுஷி. சம்பலுக்கு இடித்துப் போடும் மாலைதீவு மாசியும் அதே மீன்தான், ஏறக்குறைய அதே பக்குவம்தான். இவ்வளவு தூரத்து நாட்டின் சூப்பில் எங்கள் அடுப்படி வாசம் வந்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அம்மா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அதனாலேயே ஓர் எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை வீட்டில் சைவம் என்றால் மிசோ சூப் வேண்டாம். அடுக்கடுக்காகச் சுருட்டிய முட்டைத் துண்டிலும் அந்த அடிநீர் சேர்வதுண்டு. முட்டை சாப்பிடுபவர்களும் கேட்டு வாங்க வேண்டும்.

பச்சை மீனுக்கு மனம் வந்தால் கெலவல்லாவைக் கேளுங்கள். நம் கடலில் பிடித்து ஜப்பானுக்கே ஏற்றுமதியாகும் மீன் அது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சமைத்தது மட்டும் போதும். சோயா சோஸ் சோற்றில் படாமல், துண்டைக் கவிழ்த்து மீன் பக்கத்தை மட்டும் தொடுங்கள். சோறு சோயாவைக் குடித்தால் உதிர்ந்துவிடும். இஞ்சி ஊறுகாயைச் சுஷியின் மேல் வைக்காமல், ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கடியுங்கள், வாய் சுத்தமாகும். கூம்புபோல் சுற்றித் தரும் கைச்சுருளைப் பார்சல் எடுக்கவே வேண்டாம், கடையிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

நான் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போய், அவர்கள் சுருட்டும்போது அங்கேயே நிற்பேன். புறப்படும்போது வீட்டுக்கு ஒரு அழைப்பு. அம்மா தட்டுகளை எடுத்து வைத்திருப்பார். குறைவாகத்தான் வாங்குவேன். போதாவிட்டால் வீட்டில் சோறும் பருப்பும் இருக்கிறது.